பிராசசர் மாற்றுமுன் மேசையைப் பாருங்கள்



புதிய வகைப் பிராசசர் போட்ட கணினிக்கு மாறலாமா என்று கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் கையில் ஒரு வேகப் பட்டியலோடு வருகிறார்கள். எந்தச் சோதனையில் எத்தனை மதிப்பெண், பேட்டரி எத்தனை மணி நேரம், விலை எவ்வளவு குறைந்திருக்கிறது என்றெல்லாம் அதில் இருக்கும். நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் மேசையில் என்னென்ன இருக்கின்றன? இன்றைய பேச்சு அந்தக் கேள்வியை ஏன் கேட்கிறேன் என்பதைப் பற்றியது.

'புதிய வகை' என்பதற்கு முதலில் ஓர் எல்லை போட்டுக்கொள்கிறேன். இன்டெலும் ஏஎம்டியும் ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு புதிய தலைமுறையை வெளியிடுகின்றன. வேகம் கொஞ்சம் கூடுகிறது, மின்செலவு கொஞ்சம் குறைகிறது. நேற்று ஓடிய மென்பொருள் இன்றும் ஓடுகிறது. அங்கே முடிவெடுப்பது எளிது. பணம் இருக்கிறதா, தேவை இருக்கிறதா என்று பார்த்தால் போதும். நான் பேச வந்தது அடிப்படையே மாறுகிற இடத்தைப் பற்றி. 2024 ஜூன் 18 அன்று குவால்காம் நிறுவனத்தின் ஸ்னாப்டிராகன் எக்ஸ் பிராசசர் பொருத்திய விண்டோஸ் மடிக்கணினிகள் விற்பனைக்கு வந்தன. அவற்றின் உள்ளே இருப்பது ஆர்ம் கட்டமைப்பு, நம் கைப்பேசிகளில் இருக்கும் குடும்பம். 1981-ல் ஐபிஎம் பிசி வந்த காலத்திலிருந்து நம் மேசைகளில் இருப்பது எக்ஸ்86 என்னும் வேறு குடும்பம்.

இரண்டுக்கும் என்ன வேறுபாடு? ஒவ்வொரு பிராசசர் குடும்பத்துக்கும் தனக்கென ஒரு கட்டளைத் தொகுப்பு உண்டு. கூட்டு, நினைவகத்திலிருந்து எடு, ஒப்பிட்டுப் பார், அந்த வரிக்குத் தாவு என்பன போன்ற அடிப்படைக் கட்டளைகள். நாம் சிடியிலோ இணையத்திலோ வாங்கி நிறுவுகிற மென்பொருள், ஏதோ ஒரு குடும்பத்தின் கட்டளைகளாக ஏற்கெனவே மாற்றப்பட்டுத்தான் நம்மிடம் வருகிறது. எக்ஸ்86-க்காக மாற்றிய மென்பொருளை ஆர்ம் பிராசசரிடம் கொடுத்தால் அதற்கு ஒன்றும் புரியாது. ஆகவே இடையில் ஒரு பெயர்ப்பு வேலை நடந்தாக வேண்டும். விண்டோஸில் அந்த வேலையைச் செய்வது பிரிஸம். ஆப்பிளின் மேக் கணினியில் ரொசெட்டா 2. எக்ஸ்86 கட்டளைகளை எடுத்து ஆர்ம் கட்டளைகளாக மாற்றி, மாற்றியதைச் சேமித்து வைத்துக்கொண்டு, அடுத்த முறை அதையே பயன்படுத்தும்.

இந்தப் பெயர்ப்பு இன்று வியக்கத்தக்க அளவுக்கு நன்றாக நடக்கிறது. அதை மறைத்துப் பேசினால் நான் நேர்மையற்றவன். 2017-ல் ஆர்முக்கு வந்த விண்டோஸ் 10, பழைய 32 பிட் மென்பொருளை மட்டுமே பெயர்த்து ஓட்டியது, அதையும் தட்டுத்தடுமாறித்தான் செய்தது. 2021-ல் விண்டோஸ் 11 வந்தபோது 64 பிட் மென்பொருளும் ஓடத் தொடங்கியது. 2024-ல் பிரிஸம் வந்தபின், சாதாரண அலுவலக மென்பொருளில் பெயர்ப்பு நடக்கிறது என்பதே பலருக்குத் தெரியவில்லை. குரோம் உலாவி 2024 மார்ச்சிலேயே ஆர்முக்கென்று தனியாக வந்துவிட்டது. வேர்டும் எக்செலும் இருக்கின்றன. இயந்திரம் அதிகம் சூடாவதில்லை, மூடி வைத்து இரண்டு நாள் கழித்துத் திறந்தாலும் பேட்டரி ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. நாள் முழுக்கப் பயணத்தில் எழுதுகிறவர்களுக்கு இது பெரிய வரம்.

சிக்கல் தொடங்குவது பெயர்க்க முடியாத இடத்தில். அதுதான் நம் ஊர் அலுவலகங்களில் நிறைய இருக்கிறது என்பதால் இங்கே கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன்.

கணினியோடு இணைக்கிற ஒவ்வொரு கருவிக்கும் டிரைவர் என்று ஒரு சிறு மென்பொருள் வேண்டும். அது விண்டோஸின் ஆழத்தில், மற்ற மென்பொருள்களுக்கு அனுமதி இல்லாத இடத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறது. அந்த ஆழத்தில் பெயர்ப்பு கிடையாது. அங்கே ஓடுகிற டிரைவர் ஆர்முக்கென்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் மெதுவாக ஓடும் என்பதல்ல, ஓடவே ஓடாது.

இனி ஓர் ஆடிட்டர் அலுவலகத்தின் மேசையை நினைத்துப் பாருங்கள். டிஜிட்டல் கையொப்பத்துக்கான யூஎஸ்பி டோக்கன் ஒன்று. கட்டணச் சீட்டு அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர் ஒன்று. பழைய ஸ்கேனர் ஒன்று. சில இடங்களில் கணக்கு மென்பொருளுக்குப் பூட்டாக இருக்கும் டாங்கிள். இ-சேவை மையத்தில் என்றால் கைரேகைக் கருவியும் கண்விழிக் கருவியும். இவற்றில் ஒவ்வொன்றுக்கும் ஆர்ம் டிரைவர் இருக்கிறதா என்று அதன் உற்பத்தியாளரிடம் தனித்தனியாகக் கேட்க வேண்டும். புதிதாக வந்த பிரின்டர்கள் பல பொதுவான டிரைவரிலேயே அச்சடித்துவிடும். பத்து ஆண்டுக்கு முன் வாங்கிய ஸ்கேனருக்கு யாரும் இனிப் புதிதாக டிரைவர் எழுதப்போவதில்லை. செய்த நிறுவனமே மூடப்பட்டிருக்கலாம். கையொப்ப டோக்கன் வேலை செய்யவில்லையென்றால், கணினி எவ்வளவு வேகமாக இருந்தாலும் தாக்கல் நடக்காது. தாக்கலின் கடைசி நாள் மாலையில் இதைக் கண்டுபிடிக்கிறவருடைய நிலைமையை நினைத்துத்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

தமிழில் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றும் இதே இடத்தில் இருக்கிறது. விசைப்பலகை மென்பொருள் பெரும்பாலும் தனியாக ஓடும் மென்பொருள் அல்ல; நீங்கள் எந்த மென்பொருளில் தட்டச்சுகிறீர்களோ அதற்குள் நுழைந்து வேலை செய்வது. ஆர்முக்கென்றே எழுதிய மென்பொருளுக்குள் எக்ஸ்86 விசைப்பலகை மென்பொருள் நுழைய முடியாது. அதனால்தான் மைக்ரோசாஃப்டே தன் நிரலாளர்களுக்கான குறிப்பில், உள்ளீட்டு மென்பொருளையும் கோப்புப் பட்டியலுக்குள் செருகி நிற்கும் மென்பொருளையும் ஆர்முக்காக மறுபடி உருவாக்க வேண்டும் என்று சொல்கிறது. கூகுள் டிரைவின் மேசைக்கணினி மென்பொருள் முதல் சில மாதங்கள் இந்த இயந்திரங்களில் ஓடாமல் போனதும் இந்த வகைச் சிக்கலால்தான். விண்டோஸோடு கூடவே வரும் தமிழ் 99, அஞ்சல் விசைப்பலகைகளைப் பயன்படுத்துகிறவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. வெளியிலிருந்து ஒன்றை நிறுவிப் பழகியவர்கள் வாங்குமுன் சோதித்துப் பார்த்தாக வேண்டும்.

அச்சுத் தொழிலில் இருப்பவர்களின் கதை இன்னும் பழையது. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 7, வந்தது 2001-ல். அதற்கு யூனிகோடு தெரியாது. ஆனாலும் எத்தனையோ அச்சகங்களில் பல ஆண்டுகளாகச் சேர்ந்த பாடநூல், மலர், அழைப்பிதழ்க் கோப்புகள் அதில்தான் இருக்கின்றன, பழைய எழுத்துருக் குறியேற்றங்களில். அந்தக் காலத்து மென்பொருள் சிலவற்றில், மென்பொருள் 32 பிட்டாக இருந்தும் நிறுவும் நிரல் 16 பிட்டாக இருக்கும். 64 பிட் விண்டோஸில் 16 பிட் நிரல் எதுவும் ஓடாது. விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. ஆக, அங்கே சிக்கலுக்கு ஆர்ம் வரைக்கும் போக வேண்டியதில்லை. வழக்கமான புதிய இன்டெல் கணினியிலேயே கதவு மூடிவிடும். இப்படிப்பட்ட அச்சகங்களுக்கு நான் சொல்வது, கணினி வாங்கும் பணத்தில் ஒரு பகுதியை முதலில் பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றச் செலவிடுங்கள் என்பதே. அது பிராசசரைவிட நீண்ட காலம் நிற்கும் முதலீடு.

பழைய மென்பொருளை எப்படி நடத்துகிறது என்பதை வைத்தே ஒரு புதிய பிராசசர் வகை பிழைக்கிறதா அழிகிறதா என்பது தீர்மானமாகியிருக்கிறது. இதற்கு வரலாறு நல்ல சாட்சி. இன்டெலும் ஹெச்பியும் சேர்ந்து உருவாக்கிய இட்டானியம் 2001-ல் வந்தது. 64 பிட், முற்றிலும் புதிய கட்டளைத் தொகுப்பு, உலகின் தேர்ந்த பொறியாளர்களின் உழைப்பு. ஆனால் பழைய எக்ஸ்86 மென்பொருள் அதில் ஊர்ந்தது. இரண்டு ஆண்டு கழித்து, 2003 ஏப்ரலில் ஆப்டெரானையும் செப்டம்பரில் அத்லான் 64-ஐயும் ஏஎம்டி கொண்டுவந்தது. அந்நிறுவனம் பழைய கட்டளைத் தொகுப்பை வைத்துக்கொண்டு அதன்மேல் 64 பிட்டைச் சேர்த்திருந்தது. பழைய மென்பொருள் முழு வேகத்தில் ஓடியது. அடுத்த ஆண்டே இன்டெல் தன் போட்டியாளரின் கட்டளைத் தொகுப்பைத் தன் சிப்புகளில் ஏற்றுக்கொண்டது. இட்டானியம் மெல்ல ஒடுங்கி, 2021-ல் கடைசிச் சரக்கும் அனுப்பப்பட்டு முடிந்தது.

ஆர்ம் விண்டோஸுக்கே ஒரு முன்கதை உண்டு. 2012 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் ஆர்டி என்ற கருவியை விற்றது. பார்க்க விண்டோஸ் போலவே இருக்கும். பழைய விண்டோஸ் மென்பொருள் ஒன்றைக்கூட அதில் நிறுவ முடியாது. மறு ஆண்டு ஜூலையில் அந்நிறுவனம் 90 கோடி டாலரை இழப்பாக எழுதிவிட நேர்ந்தது. பெட்டியின் மேல் விண்டோஸ் என்று எழுதியிருந்ததை நம்பி வாங்கியவர்களின் இழப்பை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

இங்கே அவையிலிருந்து ஒரு கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். ஆப்பிள் வெற்றி பெற்றதே, அதுவும் ஆர்ம்தானே? ஆம். 2020 நவம்பரில் எம்1 சிப்போடு வந்த மேக்புக் ஏர் மின்விசிறியே இல்லாமல் ஓடியது. முந்தைய இன்டெல் மாதிரிகளை வெகுவாகப் பின்னுக்குத் தள்ளியது. எக்ஸ்86 மென்பொருளைப் பெயர்த்து ஓட்ட வசதியாக, நினைவக வரிசைமுறையில் எக்ஸ்86 நடந்துகொள்வது போலவே நடந்துகொள்ளும் ஒரு நிலையை அந்தச் சிப்பின் வன்பொருளிலேயே வைத்திருந்தார்கள். பெயர்ப்பு வேகமாக இருந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் இன்னொரு காரணம் தொழில்நுட்பத்துக்கு வெளியே இருக்கிறது, அதைத்தான் வாங்குகிறவர் எடைபோட வேண்டும். மேக் கணினியைச் செய்வது ஒரே நிறுவனம். அது இன்டெலை விட்டுவிடுகிறேன் என்று 2020 ஜூனில் அறிவித்தது, 2023 ஜூனில் கடைசி மாதிரியையும் மாற்றி முடித்தது. மேக்குக்கு மென்பொருள் எழுதுகிறவருக்கு வேறு வழி இல்லை. மாறியே ஆக வேண்டும். விண்டோஸ் உலகில் அப்படி யாருக்கும் கட்டாயம் இல்லை. இன்டெலும் ஏஎம்டியும் தொடர்ந்து எக்ஸ்86 விற்கின்றன. கோயம்புத்தூரில் நான்கு பேர் சேர்ந்து ஒரு நூற்பாலைக் கணக்கு மென்பொருள் எழுதி விற்றால், அவர்கள் எதற்காக ஆர்முக்கு இன்னொரு பதிப்பு செய்ய வேண்டும்? அவர்களுடைய வாடிக்கையாளர்களில் எத்தனை பேர் அதைக் கேட்கிறார்கள்? மென்பொருள் உலகத்தைச் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிற பலம் அந்தப் பிராசசருக்கு இருக்கிறதா என்பதை வேகப் பட்டியல் சொல்லாது.

மேக்கிலும் எல்லாம் இனிப்பாக இல்லை. எம்1 மேக்புக் ஏரில் வெளியே ஒரு திரையைத்தான் இணைக்க முடியும். ரேம் சிப்போடு சேர்ந்தே இருப்பதால் பின்னால் கூட்ட முடியாது. இன்டெல் மேக்கில் விண்டோஸை நிறுவி இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தியவர்கள் அந்த வசதியை இழந்தார்கள்.

மாறாமல் நின்றால் தண்டனை உண்டா என்றும் சிலர் அஞ்சுகிறார்கள். உண்டு, ஆனால் அது எவ்வளவு விரைவில் வரும் என்பது ஒவ்வொரு முறையும் வேறாக இருக்கிறது. ஆப்பிள் இதற்கு முன் பவர்பிசி என்னும் பிராசசர் குடும்பத்திலிருந்து இன்டெலுக்கு மாறியபோது, 2005 அக்டோபரில் விலையுயர்ந்த பவர் மேக் ஜி5 குவாட் வாங்கியவருக்கு 2009 ஆகஸ்டில் வந்த இயங்குதளம் கிடைக்கவில்லை. நான்கு ஆண்டுகூட ஆகவில்லை. ஆனால் 2019 டிசம்பரில் இன்டெல் மேக் ப்ரோ வாங்கியவருக்கு 2025-ல் வந்த டஹோ பதிப்பும் கிடைத்தது; இன்டெலுக்கான கடைசிப் பதிப்பு அதுதான் என்று ஆப்பிள் சொல்லிவிட்டது. ஆறு ஆண்டு உழைத்த இயந்திரத்துக்கு அது நியாயமான ஆயுள்தான்.

காத்திருப்பதில் வேறொரு பயனும் உண்டு. ஸ்னாப்டிராகன் மடிக்கணினிகளின் பெரும் கவர்ச்சி பேட்டரி. அவை கடைக்கு வந்து மூன்று மாதம் கடப்பதற்குள், 2024 செப்டம்பரில், இன்டெல் தன் லூனார் லேக் சிப்பை வெளியிட்டது. அதே எக்ஸ்86. பழைய மென்பொருளும் டிரைவரும் அப்படியே ஓடின, பேட்டரியும் ஏறக்குறைய அதே அளவுக்கு நின்றது. ஜூன் மாதத்தில் பேட்டரிக்காக மட்டும் குடும்பம் மாறியவர், செப்டம்பர் வரை பொறுத்திருந்தால் மாறாமலே அதைப் பெற்றிருப்பார். ஒரு புதிய வகை வந்ததும் பழைய வகை சும்மா இருப்பதில்லை. இதனால் பலன் பெறுகிறவர் இரண்டையும் வாங்காமல் கொஞ்சம் பொறுத்திருந்தவர்தான்.

பழகிய குடும்பத்தின் புதிய தலைமுறை என்றால் எதையும் பார்க்காமல் வாங்கலாம் என்றும் இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். 2022 அக்டோபரில் வந்த இன்டெலின் பதின்மூன்றாம் தலைமுறையிலும் அடுத்து வந்த பதினான்காம் தலைமுறையிலும், மேசைக்கணினிக்கான உயர்நிலைச் சிப்புகள் அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் நாளடைவில் நிலைகுலைந்தன. அதைத் தடுக்கும் திருத்தம் 2024 ஆகஸ்டில்தான் வந்தது. உத்தரவாதக் காலத்தை இரண்டு ஆண்டு நீட்டினார்கள். அந்தச் சிப்புகள் வைத்திருப்பவர்கள் இங்கே இருந்தால், மதர்போர்டின் பயாஸைப் புதுப்பித்துவிட்டீர்களா என்று இன்றே பாருங்கள்.

சரி, வேகம் வேண்டும் என்கிறவர்களுக்கு வருகிறேன். 1967-ல் ஜீன் ஆம்டால் எடுத்துச்சொன்ன ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு வேலைக்குப் பத்து நிமிடம் ஆகிறது என்று வையுங்கள். அதில் மூன்று நிமிடம் பிராசசரின் வேலை. ஏழு நிமிடம் ஹார்ட் டிஸ்க், இணையம், பிரின்டர். பிராசசரை இரு மடங்கு வேகமாக்கினால் மூன்று நிமிடம் ஒன்றரையாகும். மொத்தம் எட்டரை நிமிடம். இரு மடங்கு வேகத்துக்குக் கொடுத்த பணத்தில் கையில் வந்தது ஒன்றரை நிமிடம்.

உங்கள் பத்து நிமிடம் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க ஆள் வைக்க வேண்டியதில்லை. கணினி உங்களைக் காக்க வைக்கிற அந்த நேரத்தில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். டிஸ்க் நூறு சதவீதத்தில் நிற்கிறதா? பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள். சில ஆயிரம் ரூபாயில் புதுக் கணினி வாங்கியது போல் ஆகிவிடும். மெமரி தொண்ணூறைத் தாண்டுகிறதா? ரேம் கூட்டுங்கள். சிபியு என்ற இடத்தில் மட்டும் ஒரு நுணுக்கம் உண்டு. பன்னிரண்டு, பதின்மூன்று சதவீதம்தான் காட்டுகிறது, பிராசசர் சும்மா இருக்கிறது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஒரே நேரத்தில் எட்டு இழைகளை (திரெட்) ஓட்டும் பிராசசரில் ஓர் இழை முழு மூச்சாக உழைத்தால் மொத்தக் கணக்கில் பன்னிரண்டரைதான் வரும். அந்த மென்பொருள் ஒரே இழையில் ஓடுகிறது என்று அர்த்தம். அங்கே கோர் எண்ணிக்கை கூடிய பிராசசரால் பயன் இல்லை. ஒவ்வொரு கோரும் வேகமாக உள்ள பிராசசரால் பயன் உண்டு.

இவ்வளவு சொன்ன பிறகும், மாற்றத்தைத் தள்ளிப்போட முடியாத ஒரு கூட்டம் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. பதிவு செய்துகொண்ட வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். விண்டோஸ் 11-க்கு இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதி வேண்டும். ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகள் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒதுக்கப்பட்டுவிட்டன. இது எனக்கு வருத்தம் தருகிற விஷயம். ஒரு தட்டச்சு மையம் நடத்துகிற பெண்மணிக்கு நாற்பதாயிரம் ரூபாய் என்பது பல மாதத் தவணை. அவரைப் போன்றவர்களுக்கு நான் சொல்வது: மாறத்தான் வேண்டும் என்றால் குடும்பம் மாறாதீர்கள். எட்டாம் தலைமுறைக்கு மேற்பட்ட, நல்ல நிலையில் உள்ள பழைய அலுவலகக் கணினி ஒன்றை எஸ்எஸ்டியோடு வாங்கினால் அதுவே தாராளம். புதிய கணினிகளின் விளம்பரத்தில் பெரிதாகப் பேசப்படுகிற செயற்கை நுண்ணறிவுப் பகுதி அந்த மையத்தின் வேலையில் இன்று எதையும் விரைவுபடுத்தாது.

ஆர்முக்குத் தயங்காமல் போகலாம் என்று யாருக்குச் சொல்வேன்? கல்லூரி மாணவர், பத்திரிகையாளர், ஆசிரியர், உலாவியிலும் வேர்டிலும் நாளைக் கழிப்பவர், அலைச்சல் மிகுந்தவர். மேசையில் கருவி எதுவும் இல்லாதவர். அவர்களுக்கு இது நல்ல இயந்திரம்தான். ஆடிட்டர், அச்சகம், இ-சேவை மையம், ஆய்வுக்கூடம், ஆன்லைன் விளையாட்டு ஆடும் பிள்ளைகள் உள்ள வீடு என்றால் இன்னும் பொறுக்கச் சொல்வேன். விளையாட்டுகளின் மோசடித் தடுப்பு மென்பொருளும் பெரும்பாலும் டிரைவர்கள் உட்காரும் அந்த ஆழத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது.

மாறுவது என்று தீர்மானித்தவர்கள் ஒரு தாளை எடுத்து, ஓர் ஆண்டில் நீங்கள் தொடுகிற மென்பொருள், கருவி எல்லாவற்றையும் எழுதுங்கள். தினமும் தொடுவது எளிதில் நினைவுக்கு வரும். ஆண்டுக்கு ஒருமுறை மார்ச்சில் மட்டும் எடுக்கிற மென்பொருள்தான் விட்டுப்போகும். கடைக்குப் போகும்போது டோக்கனையும் டாங்கிளையும் பையில் எடுத்துப்போய், காட்சிக்கு வைத்த கணினியில் செருகிப் பார்க்கக் கேளுங்கள். ஓடவில்லையென்றால் எத்தனை நாளுக்குள் திருப்பித் தரலாம் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வாங்கிய பிறகு பழைய கணினியை உடனே விற்றுவிடாதீர்கள். இணைய இணைப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக வையுங்கள். ஒரு நிதியாண்டின் கணக்கு முழுவதும் புதியதிலேயே முடிந்து, தாக்கலும் ஆகி, ஒப்புகைச் சீட்டு கைக்கு வந்த பிறகு விற்றுக்கொள்ளலாம்.